ஒலி வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள்

மார்ச் 4

வணக்கம்.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் திருமணத்துக்கு நான் வரவில்லை. வாழ்த்தும் அனுப்பவில்லை. இப்போது எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். அதை மறைத்துக்கொண்டு நலம் விசாரித்தால் எனக்கே கூசும்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கணவரின் முதல் மனைவிக்கு அக்கா, வாலுவுக்குப் பெரியம்மா. எனக்கும் என் தங்கைக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்குக் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனபிறகு எங்களுக்குத் தொலைபேசி உதவவில்லை. எழுதலாம், நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், எழுத்து எனக்குச் சோறு போடுவது. ஆனால் எழுத்தில் அவள் வேறு ஆளாக இருப்பாள். அதனால் ஒரு கேமரா வாங்கினாள். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைகளால் பேசுவாள். உங்கள் கணவர் கேமராவைப் பிடிப்பார். தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் அதை சிடியில் போட்டுத் தருவார். நான்கு வருடத்தில் எனக்குப் பதினொரு சிடி வந்தது. அவள் போய் ஐந்து வருடமாகிறது. அந்தப் பதினொன்றுதான் இன்னும் பேசிக்கொண்டிருந்தன.

போன மாதம் என் பழைய பிளேயர் நின்றுவிட்டது. புதிதாக வாங்கிய டிவிடி பிளேயர் இந்த சிடிகளை உள்ளே வாங்கி, சுழற்றிப் பார்த்துவிட்டு, வெளியே தள்ளுகிறது. இங்கே ஒரு கடையில் கொடுத்தேன். டிவிடியாக மாற்றித் தந்தார்கள். வீட்டில் வந்து போட்டால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவள் வேகமாகப் பேசும் இடமெல்லாம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருக்கிறது. "என் தங்கை திக்குகிறாள்" என்று கடைக்காரருக்கு எழுதிக் காட்டினேன். "முகம் நல்லாத் தெரியுதே, வேற என்ன வேணும்" என்று எழுதித் தந்தார்.

நீங்கள் வீடியோ ஸ்டூடியோவில் டிஸ்க் வேலை செய்வதாக வாலு எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தில் உங்களைக் குறிப்பிடும் இடத்தில் முதலில் "அம்மா" என்று எழுதி, அடித்துவிட்டு, "சித்தி" என்று எழுதியிருந்தாள். அடித்திருந்தாலும் என்னால் படிக்க முடியும். என் தொழிலே அதுதான்.

விரல் கெடாமல் டிவிடியில் போட்டுத் தர முடியுமா? பார்க்காமல் செய்ய முடிந்தால் நல்லது. அவை எனக்கு வந்தவை. பார்த்தாலும் உங்களுக்குப் புரியப் போவதில்லை.

வாலுவின் பெரியம்மா

*

மார்ச் 11

வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது தடவை அந்தக் கடைக்காரர்மேல் வந்தது.

அவர் செய்ததற்குப் பெயர் கன்வெர்ட். ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டுவிட்டுத் தன் வாயால் சுருக்கிச் சொல்வது மாதிரி. வேகமான அசைவுதான் அதில் முதலில் அடிபடும். கல்யாண ஊர்வலத்துக்கு அது போதும், விரலுக்குப் போதாது.

உங்கள் தங்கைக்கு சிடி போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரர் கெட்டிக்காரர் என்று நினைக்கிறேன். விரல் தெளிவாக வரவேண்டும் என்பதற்காக வழக்கமான அளவில் போடாமல் தன் இஷ்டத்துக்குப் படத்தைப் பெரிதாக வைத்திருப்பார். பழைய பிளேயர் அதைப் பொறுத்துக்கொண்டது. புது பிளேயருக்கு எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும்.

கன்வெர்ட் செய்யாமலே போடலாம். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் படத்தின் அளவு எழுதியிருக்கும். டிவிடி எழுதும் சாஃப்ட்வேர் அந்த முதல் வரியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுமா விடாதா என்று முடிவு செய்யும். அந்த வரியை மட்டும் மாற்றி எழுதினால் விட்டுவிடும். உள்ளே இருக்கும் படத்தை யாரும் தொடுவதில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் மேலுறையை மட்டும் மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிதான் ஒரு தொல்லை. சிடியில் ஒலியைப் பதிகிற கணக்கு வேறு, டிவிடிக்கு வேறு. படத்தைத் தொடாமல் தப்பிக்கலாம், ஒலியைத் திரும்பச் செய்துதான் ஆக வேண்டும். இல்லையென்றால் ஒலியே இல்லாமல் போடலாம். உங்களுக்கு எது வேண்டும்?

பார்க்காமல் செய்ய முடியாது. அரைமணிக்கு ஒருதரம் ஓட்டிப் பார்த்துத்தான் வேலை சரியா என்று சொல்ல முடியும். புரியாது என்று நீங்கள் சொன்னது உண்மை. வாலுவிடம் எனக்கும் கைப்பேச்சு சொல்லிக்கொடு என்று கேட்டேன். "அது அம்மாவோடது" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை.

சிடிகளை அனுப்புங்கள். முதலாளியிடம் சொல்லிவிட்டேன், மதிய நேரத்தில் மிஷின் சும்மாதான் இருக்கும்.

வாலுவின் சித்தி

*

மார்ச் 19

பதினொன்றும் கூரியரில் வருகின்றன. ஒவ்வொன்றையும் என் பழைய துணியில் சுற்றியிருக்கிறேன். கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலி எதற்கு? பேசுகிறவளுக்கும் காது கேட்காது, பார்க்கிறவளுக்கும் கேட்காது. நாற்காலி கிரீச்சிடுவதையும் தெருவில் போகும் வண்டியையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எடுத்துவிடுங்கள்.

வாலு உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க மறுத்தாள் என்பதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அச்சகத்தில் அன்று எல்லோருக்கும் நானே தேநீர் வாங்கிக் கொடுத்தேன். இதை உங்களுக்கு எழுதுவது முறையில்லை, தெரியும். ஆனால் அவளுடைய பரீட்சை, தலைவலி, தோழியோடு சண்டை எல்லாம் இப்போது உங்கள் கைக்கு முதலில் வருகின்றன. ஒரு வாரம் கழித்து, ஆறியபிறகு, எனக்குக் கடிதமாக வருகின்றன. எனக்கென்று இந்தக் கைப்பேச்சு ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் மூன்று ஒற்றுப்பிழை இருந்தன. பழக்கதோஷத்தில் பென்சிலால் திருத்திவிட்டேன்.

வாலுவின் பெரியம்மா

*

ஏப்ரல் 6

வணக்கம்.

டிவிடிகள் அனுப்பியிருக்கிறேன். பதினொரு சிடியும் நான்கு டிவிடியில் அடங்கிவிட்டன. படத்தில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. ஸ்டூடியோவில் இருக்கும் மூன்று பிளேயரில் இரண்டில் சரியாக ஓடியது. ஒன்றில் மட்டும் முகம் ஒடுங்கித் தெரிந்தது. உங்களுடையதில் அப்படி வந்தால் டிவியில் படத்தின் அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒலி வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எடுத்துவிட்டேன்.

பழைய சிடிகளைப் பிறகு அனுப்புகிறேன். இப்போது வேலை அதிகம்.

வாலு நலம்.

*

ஏப்ரல் 15

அன்புடன் எழுதுகிறேன்.

விரல் நகத்தின் வெள்ளை வரைக்கும் தெரிகிறது. மூன்றாவது சிடியில் அவள் எங்கள் சித்தப்பாவைக் கேலி செய்யும் இடம் ஒன்று உண்டு. பழைய பிளேயரிலேயே அதில் ஒரு சொல் எனக்குச் சரியாகப் பிடிபடாது. இப்போது பிடிபட்டது. ஒன்பது வருடம் கழித்து அந்த நகைச்சுவைக்குச் சிரித்தேன். முகம் கொஞ்சம் ஒடுங்கித்தான் வருகிறது. நீங்கள் சொன்னபடி அகலத்தைக் கூட்டினேன், சரியாகிவிட்டது.

நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். அதோடு உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன், நன்றிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒருவருக்குக் கையால் பெயர் வைப்பது சாதாரணம் இல்லை. அவர் நமக்கு வேண்டியவராக இருக்க வேண்டும். வாலுவின் வகுப்பு ஆசிரியைக்கு இன்னும் பெயரில்லை, வெறும் "அந்த டீச்சர்"தான். போன விடுமுறையில் வந்தபோது வாலு உங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். இடது உள்ளங்கையில் வலது சுட்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றுவது. சிடி சுழல்கிற மாதிரி. அவள் அதைச் செய்ததும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்கள் கடிதம் ஏன் அவ்வளவு சுருக்கம்? கீழே பெயர்கூட இல்லை. நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா?

உங்கள் ஊரில் பள்ளி விடுமுறை விடும் ஜூனில் வாலுவை அனுப்பி வையுங்கள்.

வாலுவின் பெரியம்மா

*

ஜூன் 5

வாலு சுகமாக வந்து சேர்ந்தாள். நான் உங்களுக்கு அதை மட்டும் எழுதுவதாக இருந்தேன்.

நேற்று மாலை இருவரும் டிவிடி போட்டுப் பார்த்தோம். அவள் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். டிவியின் பக்கவாட்டில் காதை வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "சத்தம் வரல பெரியம்மா. அப்பா பேசறது எங்கே?" என்று கையால் கேட்டாள்.

எந்த அப்பா, எங்கே பேசினார் என்றேன்.

"எல்லா சிடியிலயும்தான். கேமராவுக்குப் பின்னாடி நின்னு அம்மாகிட்ட பேசிக்கிட்டே இருப்பாரே."

அவள் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்த சிடிகளைப் பார்ப்பாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். சத்தம் வைத்திருக்கிறாளா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது வருடமாக என் அலமாரியில் இருந்த பெட்டிக்குள் ஒரு மனிதன் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குத் தெரியாது. என் தங்கைக்கும் தெரியாது. அவள் தெரியாமலே போய்விட்டாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று வாலுவைக் கேட்டேன். "உங்களுக்குக் கேக்காதுல்ல, வருத்தப்படுவீங்கன்னுதான்" என்றாள். பதினொரு வயசுக்காரி. என்ன பேசினார் என்றால் அவளுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒலி வேண்டாம் என்று நான்தான் எழுதினேன், மறுக்கவில்லை. இருப்பது என்னவென்று தெரியாமல் எழுதினேன். உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வரி எழுதவில்லை. அந்தச் சின்னக் கடிதத்தின் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. பழைய சிடிகள் எங்கே? அவற்றையும் ஏதாவது செய்துவிட்டீர்களா?

*

ஜூன் 10

அக்கா,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. தப்பு செய்துவிட்டு "வணக்கம்" என்று தொடங்க முடியவில்லை.

சிடிகள் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் துணியிலேயே சுற்றி என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. செய்ய நினைத்தேன். ஒன்பதாவது சிடியை எடுத்து, அதன் மேல்பக்கத்து வெள்ளிப் பூச்சில் என் நகத்தை வைத்தேன். ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எந்த மிஷினும் படிக்காது. பிறகு உங்கள் துணியிலிருந்து சோப்பு வாசனை வந்தது. வைத்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் சிடியைப் போட்டுப் படம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்போன் தற்செயலாகக் காதில் இருந்தது. முதலில் நாற்காலிச் சத்தம். பிறகு அவர் குரல்.

அவர் லிஃப்ட் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் போவார், மாலையில் வருவார். என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு சிடியில் கால்வாசிகூட நிரம்பாது. நான் அதை அவர் சுபாவம் என்று ஏற்றுக்கொண்டேன். சில பேர் அப்படி. என் அப்பாவும் அப்படித்தான்.

அந்த மனுஷன் பதினொரு சிடியிலும் வாய் மூடவில்லை அக்கா.

உங்கள் தங்கை உங்களோடு கையால் பேசிக்கொண்டிருக்கிறார். இவர் பின்னால் நின்று அவரிடம் பேசுகிறார். "இன்னிக்கு லிஃப்டுக்குள்ள மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டேன். கயிறு அறுந்துடும்னு நெனச்சேன். சொன்னா நீ பயப்படுவ. அதான் இப்பச் சொல்றேன்." "இந்தப் பச்சை உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு தெரியுமா. அதைக் கையில எப்படிச் சொல்றது? எனக்கு 'நல்லா'ன்னு ஒண்ணுதான் தெரியும். சோத்துக்கும் அதையே காட்டுறேன், மழைக்கும் அதையே காட்டுறேன், உனக்கும் அதையேவா காட்டுறது?" "இப்ப என்னைப் பத்தித்தான் உங்க அக்காகிட்ட ஏதோ சொல்ற. மூக்கைப் பார்த்தாலே தெரியுது."

எனக்கு வயிறு எரிந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். காது கேட்கிற என்னிடம் ஊமையாக இருக்கிறவர், காது கேட்காதவரிடம் கொட்டியிருக்கிறார். நான் பச்சை உடுத்தியதில்லையா? எனக்கு மூக்கு இல்லையா? உயிரோடு இருக்கிறவளாக இருந்தால் சண்டை போடலாம். போனவளோடு என்ன செய்வது? அவள் இனிமேல் ஒரு குற்றமும் செய்யப்போவதில்லை, வயசும் ஆகப்போவதில்லை.

அன்றுதான் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "எடுத்துவிடுங்கள்" என்று உங்கள் கையெழுத்திலேயே இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு பொத்தான்தான். வாலு இதையெல்லாம் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன்.

"அந்தப் பழைய சிடியில நீங்க பேசினதெல்லாம் பதிஞ்சிருக்கு, தெரியுமா?"

"எந்த சிடி?"

"அக்காவுக்கு அவங்க அனுப்பினது."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கேட்டியா?"

"பதினொண்ணும் கேட்டேன்."

"அவளுக்குக் கேக்காதுன்னுதான் பேசினேன்."

"எனக்குக் கேக்குமே. எங்கிட்ட ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

"கேக்குமே. அதான்."

தட்டைக் கழுவப் போனார். கழுவி முடித்தபிறகும் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.

இதற்குமேல் என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. வாலுவை இனி என்னிடம் அனுப்ப மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருக்கிறது. வீடு காலியாக இருக்கிறது.

வாலுவின் சித்தி

*

ஜூன் 14

உனக்கு,

கோபத்தில் "நீங்கள்" எழுத வரவில்லை. கோபம் போனபிறகும் வரவில்லை. இப்படியே இருக்கட்டும்.

வாலு உன்னிடம்தான் வருவாள். அவள் என்ன கூரியர் பார்சலா, நான் பிடித்து வைத்துக்கொள்ள? இங்கே வந்த நாளிலிருந்து தினமும் ஒரு தடவையாவது உள்ளங்கையில் விரலைச் சுற்றுகிறாள். சித்தி இப்படிச் செய்வாள், சித்தி அப்படிச் சொல்வாள். நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். வேறு வழியில்லை.

நீ காதால் கேட்டதை எழுதினாய். நான் கண்ணால் கேட்டதை எழுதுகிறேன். அப்போதுதான் கணக்கு நேராகும். நீ அவளைப் பார்த்து எரிந்தாய். அவள் யாரைப் பார்த்து எரிந்தாள் என்று தெரிந்துகொள்.

ஏழாவது சிடி. பச்சை உடுத்தியிருப்பாள். அவள் சொல்வது இது: "இவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு தூண் மாதிரி நிற்கிறார் பார். எப்போதும் இப்படித்தான். கல்லோடு குடித்தனம் நடத்துகிறேன். ஆனால் கீழ்வீட்டுப் பெண்ணிடம் படிக்கட்டில் நின்று பேசுகிறார். அவள் சிரிக்கிறாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று கையை விரிக்கிறார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஏதோ இருக்கிறது, எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. அக்கா, காது கேட்கிற எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு நாள் கேட்டால் போதும். அவர் அவளிடம் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவேன்."

இதை நம்பித்தான் நான் உன் கணவரை வெறுத்தேன். என் தங்கையைப் பேச்சில்லாமல் காயப்போட்டவன் என்று. அவள் போனபோது அவர் அழவில்லை. அதையும் சேர்த்து வைத்திருந்தேன். உன் கல்யாணத்துக்கு நான் வராததற்குக் காரணம் நீ இல்லை, அவர்தான். உன்மேல் எனக்கு இருந்தது வேறு. அதை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

ஒலியைத் திரும்பப் போடு. வாலு கேட்கட்டும். அதோடு, அவர் பேசியது முழுவதும் எனக்குப் படிக்கக் கிடைக்குமா? ஒரு தாளில் எழுதி அனுப்பினாலும் சரி. உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

வாலுவின் பெரியம்மா

*

ஜூன் 27

அக்கா,

தாளில் எழுதவில்லை. அதைவிட நல்ல வழி இருக்கிறது.

டிவிடியில் எழுத்தைப் படத்தின்மேல் ஒட்ட வேண்டியதில்லை. தனித் தடமாகப் படத்தோடு கூடவே ஓடும். ரிமோட்டில் சப்டைட்டில் பொத்தானை அழுத்தினால் வரும், இன்னொரு தடவை அழுத்தினால் போய்விடும். கன்வெர்ட் எதுவும் இல்லை, படம் பழையபடி அப்படியே இருக்கிறது. எழுத்து உங்கள் தங்கையின் மடிக்குக் கீழே வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். விரலை மறைக்காது. ஒலியையும் சேர்த்துவிட்டேன். பழைய சிடிகளும் இந்தப் பார்சலிலேயே இருக்கின்றன.

நானூற்றுப் பன்னிரண்டு வரி. எட்டு நாள் மதிய நேரம். என் புருஷன் இன்னொருத்தியிடம் பேசியதை ஒவ்வொரு எழுத்தாக நானே தட்டினேன். முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொள்கிற மாதிரி. பிறகு வேலை வேலையாகிவிட்டது. எந்த வரி எத்தனையாவது நொடியில் வர வேண்டும் என்பதிலேயே கவனம் போய்விடும்.

நீங்கள் எழுதிய ஏழாவது சிடிக்கு வந்தேன். தூண், கல் என்று உங்கள் தங்கை சொல்லும் இடத்தை உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேமரா பக்கம் கைகாட்டுவதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அந்த நேரத்தில் அவர் என்ன பேசுகிறார் தெரியுமா? "தோள் விட்டுப்போகுது. ஆனா நீ முடிக்கிற வரைக்கும் ஆட மாட்டேன். கேமரா ஆடினா விரல் கலங்கிடும், உங்க அக்காவுக்குப் புரியாது. நீ பேசு, எவ்வளவு வேணும்னாலும் பேசு." அதனால்தான் தூணாக நின்றிருக்கிறார். அந்த வரியைத் தட்டிவிட்டு நான் மிஷினை அணைத்தேன். அன்றைக்கு அதற்குமேல் முடியவில்லை.

பத்தாவது சிடியில் மழைச் சத்தத்தில் ஒரு வரி புரியவில்லை. டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்து வந்து, அவரைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினேன். அந்த வரியைச் சொன்னார். பிறகு ஹெட்போனைத் திருப்பித் தரவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதார் அக்கா. நீங்கள் சேர்த்து வைத்திருந்த கணக்கிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இன்னிக்கு ஒரு லிஃப்ட் ஆறாவது மாடியில நின்னுடுச்சு. உள்ள ஒரு கைக்குழந்தை" என்று தானாக ஆரம்பித்தார். முழுசாகச் சொல்லி முடித்தார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் நின்றுவிடுமோ என்று.

ஒரு விஷயம் பாக்கி. ஒன்பதாவது சிடியில் பதினெட்டாவது நிமிஷத்தில் கொஞ்ச நேரம் எழுத்து வராது. அங்கே அவர் நான்கு வார்த்தை சொல்கிறார். அதே நான்கு வார்த்தையை என்னிடமும் சொல்லியிருக்கிறார், கல்யாணமான புதிதில், ஒரே ஒரு தடவை. அது எனக்காகவே பிறந்த பேச்சு என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். நான் நகத்தை வைத்தது அந்த இடத்துக்காகத்தான். மற்ற எல்லாவற்றையும் தட்டினேன், அதை மட்டும் என் விரல் தட்டவில்லை. ஒலியில் இருக்கிறது, அழிக்கவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் வாலுவைக் கேளுங்கள். அவளுக்குக் காது இருக்கிறது. உங்களுக்கு உரிமையும் இருக்கிறது.

வாலுவின் சித்தி

*

ஜூலை 4

தங்கச்சி,

நான்கு நாளாக அச்சகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பார்த்தேன். மேலே அவள் திட்டிக்கொண்டிருக்கிறாள், கீழே அவர் பேசிக்கொண்டிருக்கிறார். ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரியவில்லை. எனக்கு இப்போது இரண்டும் தெரிகிறது. ஏழாவது சிடியில் டிவியைத் தட்டி அவளிடம் "கீழே பார், கீழே பார்" என்று கை காட்டினேன். பைத்தியம் என்று வாலு நினைத்திருப்பாள்.

உன் கணவருக்கு ஒரு கடிதம் தனியாக இதில் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். நீ படிக்கலாம். நானூற்றுப் பன்னிரண்டு வரியில் பத்தொன்பது பிழை இருக்கிறது, ஆனால் திருத்தப் போவதில்லை.

பதினெட்டாவது நிமிஷத்தைப் பற்றிச் சொல்கிறேன். நேற்று வாலுவை டிவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அந்த இடம் வந்தது. எழுத்து நின்றது. என் தங்கை தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கேமராவுக்கு மேலே, அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். வாலு காதைக் கொடுத்துக் கேட்டாள். திரும்ப ஓட்டி இன்னொரு தடவை கேட்டாள்.

"அப்பா இங்கே என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"சித்தி ஏன் இதை மட்டும் எழுதல?" என்றாள்.

"அவளால் முடியவில்லையாம்."

படத்தை நிறுத்தினாள். பிறகு நெஞ்சில் கையை வைத்து இரண்டு தடவை இருமிக் காட்டினாள். "ஒண்ணும் சொல்லல பெரியம்மா. சும்மா இருமினார்."

எங்கள் பேச்சில் பாதி முகத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு அது தெரியும், அதனால் முகத்தைத் துடைத்து வைத்த மாதிரி வைத்துக்கொண்டாள். அவள் அம்மா என்னிடம் பொய் சொல்லும்போதும் அப்படித்தான் வைத்துக்கொள்வாள். நான் சரி என்று தலையாட்டினேன். அவள் எழுந்து, டிவியை அணைத்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விளையாடப் போனாள்.

அந்த நான்கு வார்த்தை உன்னிடமே இருக்கட்டும். இனி யாரிடமும் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பிளேயரைத் துடைத்து வை.

ஒன்றே ஒன்று, அதையும் எழுதிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. அதை அவள் உனக்காக இல்லாமல் எனக்காகச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அக்கா